குரல் நின்ற இருபது நிமிடம்

அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தவன் நான் இல்லை. நான் அந்த வேலைக்குச் சேர்ந்தபோதே எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கழுத்து நீளம், கால் நீளம், பேச்சு மட்டும் குட்டை. ஐம்பத்தெட்டு மீட்டர் உயரத்தில், கோபுரக் கிரேனின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் காலை ஆறரைக்கு ஏறி உட்கார்ந்தால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குவார். சாப்பாடு மேலே, தண்ணீர் மேலே. மற்றதற்கும் மேலேயே ஒரு வழி வைத்திருந்தார். அதை நான் விளக்கப் போவதில்லை.

நான் அவருடைய சிக்னல்காரன். கீழே நின்று வாக்கி-டாக்கியில் "ஏத்து, இறக்கு, இடப்பக்கம், நிறுத்து" என்று சொல்வதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்கக் கத்திவிட்டு வருவதால் வீட்டில் வாயே திறப்பதில்லை என்று என் மனைவி ஊரெல்லாம் குறை சொல்வாள். திறந்தாலும் கோபம்தான் வரும் என்பது அவளுக்கும் தெரியும். கொக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கேட்டருகே பார்த்தால் "வாங்கண்ணே, போங்கண்ணே" என்பேன். கொக்கியில் சுமை தொங்கும்போது மட்டும் மரியாதை கிடையாது. "இறக்குங்கண்ணே" என்று நான் நீட்டி முழக்குவதற்குள் கீழே ஒரு சுவர் போய்விடும்.

ஒன்பது வருடம், நான்கு கட்டடங்கள். இத்தனைக்கும் அவர் முகத்தை நான் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அதிகம். குரலைத்தான் தெரியும். இருமலை வைத்தே அவர் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. கட்டடம் உயர்ந்த பிறகு, அதன் பின்பக்கம் இறங்கும் சுமை கிரேன்காரர் கண்ணுக்குப் படாது. அதைக் குருட்டு இறக்கம் என்போம். அப்போது என் வாய்தான் அவருக்குக் கண். "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் கொக்கி நிற்கும். ஏன் நின்றது, எதற்கு நின்றது என்று கேள்வி கிடையாது. மற்ற கிரேன்காரர்கள் இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார்கள். கொக்கு இம்மி பிசக மாட்டார். ஒருமுறை நடுவில் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. நிறுத்திவிட்டார்.

"என்னாச்சு தம்பி?"

"தும்மினேண்ணே."

"இன்னொண்ணு வருமா?"

"வராது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

சிரிக்க வைக்கச் சொன்னது இல்லை இது. அப்படிப்பட்ட மனிதர்.

மதிய இடைவேளையில் நாங்கள் மூன்றாம் சேனலுக்கு மாறிப் பேசிக்கொள்வோம். மேலே கைபேசி கொண்டுபோகத் தடை, அதனால் அவருக்குப் பேச்சுத்துணை என்றால் நான்தான். நான் சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடுவேன், அவர் மேகத்துக்குப் பக்கத்தில். நானும் ஆண்டவனும் என்று இரண்டே பேரோடுதான் அவர் பேசுவார். இதில் என்னிடம் பேசுவது குறைவு. எனக்கு ஆண்டவனோடு பழக்கமில்லை. பல்வலி வந்தால் கூப்பிடுவேன், வலி போனதும் மறந்துவிடுவேன்.

"மேல உட்கார்ந்தா ஆண்டவன் கிட்டக்க இருக்கற மாதிரி இருக்காண்ணே?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"கிட்டக்கல்லாம் இல்ல. ஆனா இங்க சத்தம் கம்மி. அவர் பேசினா கேக்கும்."

"பேசியிருக்காரா?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு, "இன்னும் இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குச் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

போன மழைக்காலத்தில் அவர் மனைவி விழுந்துவிட்டார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கொடிக்கு அடியிலேயே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் குமிழ் போல வீங்கி நின்றது. அப்படியே விட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் வெடிக்கும், நாளைக்கே வெடித்தாலும் ஆச்சரியமில்லை என்றார் டாக்டர். திறந்து அதைக் கவ்வி அடைத்துவிடலாம். ஆனால் அண்ணி இருக்கும் நிலைமையில், பத்துப் பேருக்குச் செய்தால் மூன்று பேர் மேசையிலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள். செய்வதா வேண்டாமா என்று புருஷன்தான் சொல்ல வேண்டும், கையெழுத்தும் அவர்தான் போட வேண்டும். அந்த அறுவைக்கு வெளியூரிலிருந்து வரும் நிபுணர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமைதான் வருவார்.

அண்ணியை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள், பகலில் அவர் அக்கா வந்து பார்த்துக்கொண்டார். முதல் வியாழன் வந்தது, போனது. கொக்கு கையெழுத்துப் போடவில்லை.

"என்னண்ணே, வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று மூன்றாம் சேனலில் கேட்டேன்.

"முடிவெல்லாம் பண்ணல. கேட்டிருக்கேன். பதில் வரல."

"யாரைக் கேட்டீங்க?"

"வேற யாரை?"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பதில் வரலன்னா?"

"வரலன்னா நிக்கணும் தம்பி. குரல் இல்லாம நகரக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

அப்போதுதான் தன் இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையின் கதையையும் சொன்னார். ஒரே மூச்சில் இல்லை. நாலைந்து மதியங்களில், கையில் இருந்த உணவை மென்றபடி, யாரோ பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொல்வது போல.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கல்யாணமான ஆறாம் வருடம், ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்க்கலாம் என்று அண்ணி கேட்டிருக்கிறார். இல்லத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தும் வந்தாயிற்று. ஒன்றரை வயது, முன்பல் இரண்டு. அண்ணி வீட்டுச் சின்ன அறைக்கு மஞ்சள் துணியில் திரை தைத்து மாட்டினார். விண்ணப்பத் தாளை நிரப்பி இவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு மேசைமேல் வைத்தார். இவர் ஆண்டவனைக் கேட்டார். "பதில் வரட்டும்" என்று மனைவியிடம் சொன்னார். ஒரு மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று. அந்தக் குழந்தையை வேறு யாரோ அழைத்துப் போனார்கள். வேறொரு குழந்தையைச் சொன்னார்கள். அப்போதும் பதில் வரட்டும்.

"நாலு வருஷம் கேட்டேன் தம்பி. ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் அவளே கேக்கறதை நிறுத்திட்டா."

"அண்ணி ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல. திரையைக் கழட்டித் துவைச்சு மடிச்சு வச்சுட்டா."

அந்த அறையில் இப்போது ஓடாத மின்விசிறியும் பழைய பாய்களும் கிடக்கின்றனவாம். அவர் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் எழுந்து போய்த் தண்ணீர் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தேன். அவர் செய்த தப்பு எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கிரேன் ஓட்டுகிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எங்கள் தொழிலின் விதியை எடுத்து ஆண்டவன்மேல் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தார் மனிதர். குரல் வரவில்லை, ஆகவே நிறுத்து. ஆனால் கீழே ஒரு பெண்ணின் வாழ்க்கை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதை அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அடுத்தவர் நம்பிக்கையில் நான் எதற்கு மூக்கை நுழைப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். கண்ட கண்ட விஷயத்துக்கெல்லாம் வாயைத் திறக்கிறவன், திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை.

அடுத்த வியாழனுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தபோது அவர் கேட்டார்.

"தம்பி, நீ சொல்லு."

"எதைண்ணே?"

"கையெழுத்துப் போடவா, வேணாமா? ஒன்பது வருஷமா உன் குரலைக் கேட்டுத்தான் எல்லாம் செய்யறேன். ஒரு தடவைகூட நீ தப்பா இறக்கினதில்ல. நீ ஏத்துன்னா ஏத்தறேன், நிறுத்துன்னா நிறுத்தறேன். மேல பதில் வரல. நீயாவது சொல்லு."

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். அன்றைக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"யாரைப் பாத்து என்ன கேக்கறீங்க? நான் கான்கிரீட் வாளி இறக்கச் சொல்றவன்ணே! மனுஷி தலையைத் திறக்கச் சொல்ல நான் யாரு? நாளைக்கு ஒண்ணுன்னா அந்தப் பழி என் தலையிலயா? என் உயிரை வாங்காதீங்க!"

  நான் வாக்கியை அணைத்து மூட்டைமேல் வீசிவிட்டு, மிச்சச் சாப்பாட்டை நாய்க்குப் போட்டேன். வழக்கமாக அந்த இடைவேளையில்தான் பாட்டரியை மாற்றுவேன். கோபத்தில் மறந்துபோனேன்.

இடைவேளை முடிந்ததும் முதல் வேலை, பின்பக்கம் ஒரு படிக்கட்டை இறக்குவது. தனியாக வார்த்தெடுத்த கான்கிரீட் படிக்கட்டு, பன்னிரண்டு படி, மூன்று டன்னுக்குக் குறையாது. சுத்தமான குருட்டு இறக்கம். சுமை சுழலாமல் இருக்க அதன் ஓரத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்போம். அதைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்வார். அன்று பிடித்தவர் கம்பி கட்டுகிறவர் ஒருவர். பக்கத்திலேயே, முந்தினநாள் ஊற்றிய தளத்தைத் தாங்கிக்கொண்டு சாரம் நின்றது.

"இறக்கு, இறக்கு, இறக்கு" என்றேன். குரலில் கோபம் இருந்தது, வேலையில் பிசகு இல்லை. தரைக்குப் பத்தடி இருக்கும்போது வாக்கி ஒருமுறை கீச்சென்றது, பிறகு செத்துவிட்டது.

படிக்கட்டு அப்படியே நின்றது. நிற்கத்தான் செய்யும், மேலே இருந்தது கொக்கு.

கம்பி கட்டுகிறவரிடமிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு, "ஓடுங்க, ஆபீஸ்ல பாட்டரி வாங்கிட்டு வாங்க" என்று துரத்தினேன். பொருளறைக்காரர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போயிருந்தாராம். இன்ஜினியரிடம் ஒரு வாக்கி உண்டு, அவரோ மறுகோடியில். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் காற்று எழும்பிவிட்டது என்பதுதான். படிக்கட்டு மெல்லத் திரும்பப் பார்த்தது. திரும்பினால் அதன் மூலை சாரத்தின் கால்களை வாரிவிடும். தளம் கீழே வரும். தளத்தின்மேல் கொத்தனார்கள் ஆறு பேர்.

கத்தினேன். ஐம்பத்தெட்டு மீட்டருக்கு யார் கத்தினால் கேட்கும்? கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஒரு கம்பிக் கத்தையில் முட்டுக்கொடுத்து, பின்னால் சாய்ந்து நின்றேன். கையுறை பையில் இருந்தது. போட ஒரு கை வேண்டும், அந்த ஒரு கை இல்லை. காற்று இழுத்தபோதெல்லாம் கயிறு தோலை உரித்துக்கொண்டு ஓடியது. வாயில் வந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் சொன்னேன். பொருளறைக்காரரை, காற்றை, பாட்டரியை, என்னை, கடைசியில் ஆண்டவனையும். இருபது நிமிடம்.

கம்பி கட்டுகிறவர் இன்ஜினியரின் வாக்கியைக் கொண்டுவந்து என் வாயருகே பிடித்தார்.

"அண்ணே" என்றேன். மூச்சு இரைத்தது.

"எங்க போன?" அவர் குரல் நடுங்கியது. அந்தக் குரலில் நடுக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எங்கயும் போகலண்ணே. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இங்கயேதான் நிக்கறேன். பேசத்தான் முடியல. இறக்கு, இறக்கு..."

படிக்கட்டு தரையில் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன்.

மாலை அவர் இறங்கிவந்து நேராக என்னிடம் வந்தார். மதியம் நான் கத்தியதைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். முதலுதவிக்காரர் துணி சுற்றியிருந்தார், அதற்கு மேலும் ரத்தம் ஊறியிருந்தது.

"இருபது நிமிஷமுமா பிடிச்சுக்கிட்டு நின்ன?"

"பின்ன விட்டுட்டா போவாங்க? சாரம் போயிருக்கும்ணே."

"நீ கோபத்துல விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன். மேல உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்." என் கைகளை விடாமலே, "சுமை ஆடவே இல்ல தம்பி. அந்தக் காத்துக்கு ஆடியிருக்கணும். ஆடினா எனக்குச் சீட்டுலயே தெரியும். ஏன் ஆடலன்னு நான் யோசிக்கவே இல்ல பாரு" என்றார்.

என் கைகளை விட்டுவிட்டுக் கேட்டைத் தாண்டிப் போனார். பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் நடந்தே போனதைப் பார்த்தேன். வீடு ஐந்து கிலோமீட்டர். ஏதோ தலையில் ஓடுகிறது என்று மட்டும் புரிந்தது. நான் யாருக்கும் எந்த ஞானமும் சொல்லவில்லை. கை எரிந்தது, வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் மனைவியை ஊட்டச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஊட்டினாள்.

மறுநாள் மதியம் மூன்றாம் சேனலில் அவரே ஆரம்பித்தார்.

"நேத்து அவகிட்ட சொன்னேன்."

"எதைண்ணே?"

"எல்லாத்தையும். குமிழு, வியாழக்கிழமை, பத்துல மூணு பேரு. அவளுக்கு யாரும் சொல்லல தம்பி. பேச்சு போச்சுன்னதும் காதும் போன மாதிரி எல்லாரும் அவ தலைக்கு மேலேயே பேசிட்டோம். நானும்தான். மேலயே கேட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல படுத்திருக்கறவளைக் கேக்கணும்னு தோணவே இல்ல."

மாலை வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம். அண்ணியைத் தூக்கித் தலையணையில் சாய்த்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாராம். சொல்லி முடித்து, "நீ என்ன சொல்ற? செய்யலாமா?" என்று கேட்டாராம்.

"அண்ணி என்ன பண்ணாங்க?"

"அடிச்சா."

"என்னது?"

"கன்னத்துல. இடது கையால. பலமே இல்ல, ஈ உட்கார்ந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அடிச்சா தம்பி. எதுக்கு அடிச்சான்னு எனக்குத் தெரியும். வியாழக்கிழமைக்காக இல்ல."

 எனக்கும் தெரியும்.

"அப்புறம் அந்தக் கையாலேயே தாளை இழுத்தா. பேனாவைக் காட்டினா. கொடுத்தேன். அவ பேரை எழுதினா. கோழி கிளறின மாதிரி இருக்கு, ஆனா அவ பேருதான். எழுதிட்டு என் கையில பேனாவைத் திணிச்சா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுக்குக் கீழ போட்டுட்டேன்."

நிபுணர் வந்த வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். கிரேனுக்கு மாற்று ஆள் வந்திருந்தான். அவனுக்குச் சிக்னல் கொடுக்கவும் வேறு ஆளை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் நீண்ட நடைகூடம், இடுப்பளவு வரை பச்சைப் பெயிண்ட், தரையோடு முடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தார், நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டோம். அண்ணியின் அக்கா மூன்று நாற்காலி தள்ளி, எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அறுவையே வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்து சொன்னவர். கொக்குக்கும் அண்ணிக்கும் இந்த உலகத்தில் வேறு சொந்தம் என்று யாரும் வந்திருக்கவில்லை.

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியோடு கதவு வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முதுகு நேராக, கைகள் இரண்டும் முழங்கால்மேல், கேபினில் நெம்புகோல்களைப் பிடித்திருப்பது போலவே. தரையில் அவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாக்கி இருந்தால் பேசியிருப்பேன்.

பத்து மணிக்கு மேல் கேட்டேன். "மேல இருந்து பதில் வந்துச்சாண்ணே?"

"வரல."

"வராமலேயே போட்டுட்டீங்களே."

"பேசல தம்பி. ஆனா போகல. அது மட்டும் தெரியுது."

"எப்படித் தெரியுது?"

யோசித்தார். "நேத்து முழுக்க மனசு கிடந்து துடிக்கும்னு நினைச்சேன். துடிக்கல. பயமா இருக்கு, இல்லன்னு சொல்லல.  ஆனா உள்ள ஆடல. யாரோ கீழ நின்னு பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. அன்னிக்கு உன்னை எனக்குத் தெரியலயே, அதுமாதிரி. எத்தனை வருஷமா பிடிச்சுக்கிட்டு இருக்காரோ, நான் குரலையே கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்."

எனக்கு ஆண்டவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் உள்ளங்கையில் புதிதாக வளர்ந்த தோல் அரித்தது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று மட்டும் தெரிந்தது.

இரண்டரை மணிக்குக் கதவு திறந்தது. நிபுணர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணியின் அக்கா அலறிவிட்டார். குமிழை அடைத்தாயிற்று, அதன் பிறகு இதயம் தாங்கவில்லை, நாற்பது நிமிடம் முயன்றோம் என்று நிபுணர் சொன்னதெல்லாம் அந்த அலறலுக்கு நடுவே துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. கொக்கு எழுந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "சரிங்க" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா கையெழுத்துப் போட்ட? சும்மா இருந்திருந்தா அவ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளே! வாழ்நாள் பூரா எதுக்கும் போடாத கையெழுத்தை இதுக்குப் போட்டியே!"

சட்டையை விடுவித்துக்கொள்ள அவர் முயலவில்லை. அக்காவே ஓய்ந்து, சுவரோடு சரிந்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று முனகிக்கொண்டு படியிறங்கிப் போனார். நடைகூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினோம்.

"தம்பி," என்றார் கொக்கு, என்னைப் பார்க்காமல். "நான் போட்டது தப்பா?"

இரண்டாவது தடவையாக என்னைக் கேட்கிறார். போன தடவை வாக்கியை அணைத்து வீசியவன் நான். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும், இல்லண்ணே, தப்பே இல்லண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.  நாளெல்லாம் கத்திப் பிழைக்கிற என் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை. நாற்காலியின் கைப்பிடிமேல் இருந்த அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் திரும்பவும் தரையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, எங்கள் காலடியை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனார்.

ரொம்ப நேரம் கழித்து அவர் பேசினார். என்னிடமா, வேறு யாரிடமா என்று தெரியவில்லை.

"இருபத்தாறு வருஷம். எல்லாத்துக்கும் மேலயே கேட்டேன். அவளை ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்." மூச்சு திணறியது. "உடனே பதில் சொன்னா."

அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.